சிராங்கூனில் ஒரு துண்டு கொடுவா

ஞாயிறு பூசை முடிந்த கையோடு நானும் என் கணவர் சூசையும் ராயபுரத்திலிருந்து கிளம்பினோம். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருக்கும் எங்கள் மகன் அந்தோணி, சாரத்திலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டிருந்தான். அதுவரை விமானத்தை நான் அண்ணாந்து பார்த்ததோடு சரி. நான்கு மணி நேரப் பயணத்தில் மூன்று செபமாலை சொல்லி முடித்தேன். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி அங்கிருந்து இருபது கிலோமீட்டர். டாக்சிக்கு இருபத்தெட்டு வெள்ளி. டாலரை நம் தமிழர்கள் அங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

செய்தி வந்த அன்றே மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தேன். பிள்ளை இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்வரை மீன், கறி, முட்டை, பால் எதையும் வாயில் வைப்பதில்லை. கல்மண்டபத்தில் இருபது வருடமாக மீன் விற்கிறேன். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இறங்காது என்பதால்தான் அதைக் கொடுத்தேன். அந்தோணிக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை என் கணவரின் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கம்மா வெறும் ரசஞ்சோறு துன்னுகினு கீது நைனா. நீ நின்னாதான் மீனு துன்னுமாம்."

செவ்வாய் காலை எட்டு மணிக்கு நாங்கள் வார்டுக்குள் நுழையும்போதே தமிழ் நர்ஸ் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்துப் போனார். விடிந்ததும் அவன் ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்து நின்றிருக்கிறான். தையல் பிரிந்து ரத்தம். எலும்பில் வைத்த தகடு நகராமல் இருந்தது மாதாவின் இரக்கம். இன்னொரு தடவை நின்றால் கால் கோணிவிடும், ஆறு வாரம் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம்.

"இன்னாத்துக்குடா நின்ன?"

"வியாழக்கெயம பூடுவீங்களேமா. அதுக்குள்ள நின்னு காட்டிட்டா நீ மீனு துன்னுவல்ல?"

"இனிமே துன்றேன்டா. நிக்காத."

"நீயா? மாதாக்கு குட்த்த வாக்க நீ மாத்தமாட்ட. எனக்குத் தெரியாதா? நாளிக்கி மறுபடி நிப்பேன்."

அவன் செய்வான். பிடிவாதம் என் பக்கத்து ரத்தம். வாக்கை உடைத்தால் மாதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? காத்தால் பிள்ளையின் கால் போய்விடும்.

பகல் பன்னிரண்டரை. விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றி வந்த டாக்சிக்காரர் மாணிக்கத்துக்கு என் நேர்ச்சையைச் சொல்லியிருந்தேன். "பால்கூட இல்லாத கடை ஒண்ணு இருக்குக்கா. வீகன்னு சொல்லுவாங்க" என்று கூட்டிப் போனார். சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எட்டு மேசை போட்ட சிறிய சீனக் கடை. சுவரில் வெள்ளை முக்காடு போட்ட ஒரு தாயின் படம், முன்னால் ஊதுபத்தி. நம் மாதாவோ என்று ஒரு கணம் கைகூப்பிவிட்டேன்; சீனர்கள் கும்பிடும் தெய்வமாம். கண்ணாடிக்குப் பின்னால் பதார்த்தங்கள் ஆவி பறக்க இருந்தன. சோறும் மூன்று கூட்டும் ஆறு வெள்ளி. குழம்பில் மூழ்கிக் கிடந்ததை என்னவென்று தெரியாமலே காட்டி வாங்கினேன்.

ஒரு வாய் வைத்ததும் தட்டைக் குனிந்து பார்த்தேன். கறுத்த தோல், வெள்ளைச் சதை, விரல் பட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்தது. கொடுவா மீன்! உள்ளங்கையில் துப்பினேன்.

என் கணவர் எழுந்துவிட்டார். "யோவ், மீனில்லாத கடன்னு இட்டாந்து மீன வச்சிகிறே? இன்னா பேஜாரு இது?"

"அண்ணே, உக்காருங்க. அது சோயாண்ணே. தோலு கடல்பாசி" என்றார் மாணிக்கம். கடைக்கார அம்மா உள்ளே போய்ப் பொரிக்காத துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையிலேயே வைத்தார். முகர்ந்தேன். மொச்சை வாசனை.

"மீன்காரிக்கே மீனு தெர்லன்னு கல்மண்டபத்துல தெரிஞ்சா உன் கூடயாண்ட ஒருத்தனும் வரமாட்டான்மே!" என்று என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: "தம்பி, ரெண்டு துண்டு சோத்தோட கட்டித் தரச் சொல்லுங்க."

மூன்று மணிக்கு அந்தோணியின் கட்டிலருகே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா மீனும்மா?"

"கொடுவா."

"மெய்யாலுமா? மாதா?"

"மாதாவாண்ட நான் பேசிக்கிறேன். நீ கால ஆட்டாம படு."

சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு கவளத்தையும் அந்தோணி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முள்ளு பாத்துத் துன்னும்மா" என்றான்.

சரிடா என்று சொல்லி, துண்டை விரலால் தடவி, இல்லாத முள்ளை எடுத்துப் பொட்டலத்தின் ஓரத்தில் வைத்தேன்.

மாதாவுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தேன். பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னேன். ஊருக்கு வந்து சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும்போதும் எது கனமென்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போது கல்மண்டபத்தில் தினமும் மீனை அறுத்துக் கொடுக்கிறேன், வீட்டில் எனக்கு இன்னும் ரசஞ்சோறுதான்.

அந்த வியாழன் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் அவனிடம் விடைபெற்றோம். வழியனுப்ப எழுந்திருப்பானோ என்று பயந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். படுத்தபடியே கையை ஆட்டினான். வலது கால் தலையணையை விட்டு அசையவில்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.