தாடிக்காரர்களுக்கு எதிர்த்திசையில் போகிறவர்

சொன்னால் சிரிப்பீர்கள். கராட்டு ஊரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பயணிகளின் சஃபாரிக்குத் திட்டம் போட்டே என் பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தேன். அதெல்லாம் வில்டபீஸ்ட் என்கிற, தாடி வைத்த காட்டு மான் கூட்டத்தைக் கண்டால் காத தூரம் ஓடுகிற ஒரு மனிதரால்தான். அவர் பெயர் மெப்புக்கோரி. மசாய் இனத்தவர், மாடு வளர்ப்பவர், என்னைவிட மூத்தவர்.

மழை பெய்யும் இடம் தேடிப் போகிற அந்தக் கூட்டம் பிப்ரவரியில் எங்கள் பக்கத்துப் புல்வெளியில் குட்டி போடும். அதைப் பார்க்கத்தான் உலகமே விமானம் ஏறி வருகிறது. ஆனால் குட்டி விழுந்த புல்லை மேய்ந்த மாடு கண் மங்கி, மூக்கொழுகிச் செத்துப்போகும். மருந்து கிடையாது. மெப்புக்கோரியின் அப்பா அப்படித்தான் ஒரே மழைக்காலத்தில் பட்டி முழுவதையும் பறிகொடுத்தார். மகன் ஊரார் மாட்டை மேய்த்து, கூலியாகக் கிடைத்த கன்றுகளை வளர்த்து, தலை நரைத்த பிறகுதான் மறுபடி சொந்தப் பட்டி கண்டார். அதனால் வில்டபீஸ்ட் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புகிறது என்று அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்ததும் எனக்குப் போன் வரும்.

“தாடிக்காரங்க ஏரிப் பக்கம் வந்துட்டாங்க தங்கச்சி. நான் மலைக்கு ஓடறேன். நீ உன் ஆளுங்களை இங்க அனுப்பு. யாருக்குப் புத்தி இருக்குன்னு என் மாட்டைக் கேளு.”

“புத்தி இருக்கறவங்களே வந்தா எனக்கு யாரு அண்ணே சோறு போடுவா?”

போன பிப்ரவரியில் அந்தப் போன் வரவில்லை. பல நாளாக மேகமூட்டம். சூரிய ஒளியில் போனுக்குச் சார்ஜ் ஏற்றித் தரும் கடையும் அவர் பக்கம் படுத்துவிட்டது. அந்த வாரம் என்னிடம் வயதான ஜெர்மன் தம்பதி வந்திருந்தார்கள். மறுநாள் மதியம் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர்கள், இன்னும் ஒரு குட்டியைக்கூடப் பார்த்திருக்கவில்லை. காலையில் அவர்களோடு புல்வெளியில் இருந்த என் டிரைவர் பாஸோ கூப்பிட்டான்.

“அக்கா, ராத்திரி மழை தெற்கால கொட்டியிருக்கு. கூட்டம் மொத்தமும் அங்க திரும்பிருச்சு. எல்லாம் நிறைமாசம். இன்னிக்கோ நாளைக்கோ போட்டுரும்.”

“அது மெப்புக்கோரி அண்ணன் மேய்க்கிற இடமாச்சேடா.”

“அதான் கூப்பிட்டேன்.”

வேறு வண்டி கிடையாது. அன்றைக்குப் பார்க்க வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு, சுற்றுப்பாதையில் சேறு மிதித்துப் போனால்தான் கூட்டத்தை முந்தி அண்ணனுக்குத் தகவல் சொல்லலாம். பாஸோவின் போனிலேயே வந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்.

“இந்த ஒரு நாளுக்காகத்தாம்மா இவ்வளவு தூரம் வந்தோம்” என்றார் பெரியவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அவர் மனைவி போனை வாங்கினார். “எங்கப்பாவும் மாடு வச்சிருந்தவர்தான். வண்டியை எடுக்கச் சொல்லுங்க. இவர் பேசிக்கிட்டே வரட்டும்.”

அந்த அம்மாவின் குரலை இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

பாஸோ போய்ச் சேர்ந்தபோது மாடெல்லாம் சிதறி மேய்ந்துகொண்டிருந்தனவாம். மெப்புக்கோரி விஷயத்தைக் கேட்டதும் கம்பை எடுத்து மாட்டை மலைப் பக்கம் விரட்டினார். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போனது. பிடிவாதம் பிடித்த ஒரு கன்றைத் துரத்த, பேசிக்கொண்டே வந்த பெரியவரும் கீழே இறங்கிவிட்டார்.

“அவர் சேத்துல உருண்டதைப் பாத்திருக்கணும் அக்கா” என்று மாலையில் பாஸோ சிரித்தான். “எந்திரிச்சு மறுபடியும் ஓடறாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடு பிழைத்தது சரி, ஆனால் இவர்கள் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பப்போகிறார்களே என்று உறுத்தியது.

விடிந்ததும் போன் அடித்தது. மெப்புக்கோரி. பாஸோ தன் வண்டியிலேயே அவர் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

“தங்கச்சி, மலை மேல நிக்கிறேன். மாடு ஒண்ணும் குறையல. நேத்து அதுங்க மேஞ்ச புல்லு மேலயே இப்ப தாடிக்காரிங்க குட்டி போட்டுக்கிட்டிருக்காங்க, கண்ணுக்கெட்டின வரைக்கும். அந்தப் பெரியவரையும் அம்மாவையும் சீக்கிரம் வரச் சொல்லு.”

“இதோ கிளம்பச் சொல்றேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு பாஸோவைக் கூப்பிட்டேன்.