மஜான்னாவை ஆற்றில் விட்ட சனிக்கிழமை

எண்பத்தேழாம் ஆண்டு நான் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிகளின் கட்டில் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்ததைச் சூடான பெரிய உருளைகளுக்குள் விட்டு எடுத்து, இருவர் சேர்ந்து மடிக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. துணி களவு போகிறதென்று மேற்பார்வையாளர் ஷிப்ட் தொடங்கியதும் பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொள்வார்.

வெளியே வந்தாலும் எனக்கு அப்படித்தான் இருந்தது. அகதி விண்ணப்பம் போட்டு இரண்டு வருடமாகியும் முடிவில்லை. பாஸ்போர்ட் அரசாங்கத்திடம் இருந்தது. முடிவுக்கு முன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. தோர்ண்டன் ஹீத்தில் அண்ணை வீட்டில், ஒரு கட்டில் மட்டும் பிடிக்கும் அறையில் இருந்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில்.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் ஒரு போலந்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எண்பத்தொன்றில், மூன்று வயது மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, மூன்று மாதம் நின்று உழைத்துப் போகலாம் என்று லண்டனுக்கு வந்திருக்கிறாள். அந்த டிசம்பரில் அவள் நாட்டில் இராணுவ ஆட்சி வந்து எல்லை மூடப்பட்டது. பிறகு திறந்தார்கள். ஆனால் அவள் போனால் மறுபடி வெளியே வர விடமாட்டார்கள். இங்கேயே நின்றாலோ மகளுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கமாட்டார்கள். இப்படியே ஆறு வருடம். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். நினைவில் அவள் பேச்சு எனக்கு என் தமிழிலேயே கேட்கிறது.

அந்த வருடக் குளிர் பொல்லாதது. மார்ச் மாதத்தில் ஒருநாள் விரிப்பை மடித்தபடி அவள் சொன்னாள்:

"இந்தக் குளிர் தானாப் போகாது. மஜான்னாவைக் கொல்லவேணும்."

மஜான்னா அவர்களுடைய பழைய சாவுத் தெய்வமாம். குளிர்காலமும் அவள்தான். அக்கம்பக்கத்து நாடுகளில் மொரானா என்றும் மாரா என்றும் அவளுக்குப் பெயர். வைக்கோலில் பொம்மை செய்து, வெள்ளை உடுத்தி, கொளுத்தி, ஆற்றில் எறிந்துவிட்டால்தான் வசந்தம் வருமாம்.

"எங்களுக்கும் மாரி இருக்கிறா," என்றேன். "மாரியம்மன். ஆனா நாங்கள் அவவை ஆத்தில எறியமாட்டம். பொங்கிப் படைச்சுச் சாந்தப்படுத்துவம்."

"சாந்தமாகிறவவோ?"

"சில நேரம்."

அவள் யோசித்துவிட்டு, "நாங்கள் அவ்வளவு பொறுமையான ஆக்கள் இல்லை," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் தரிப்பில் அவள் ஒரு பையைத் திறந்து காட்டினாள். முயல்களுக்குப் போடும் வைக்கோலைக் கடையில் வாங்கிக் கட்டியிருந்தாள். கழித்துப்போட்ட தலையணை உறைதான் சட்டை. கழுத்தில் சிவப்பு மணி. முகம் வெறுமையாக இருந்தது.

வாண்டில் ஆற்றங்கரைக்கு நடந்தோம். ஆறென்று பெயர், முழங்காலளவு தண்ணீர். நெருப்புக்குச்சிகள் காற்றில் அணைந்துகொண்டே இருந்தன. ஒருவழியாகப் பொம்மையின் சட்டை பற்றிக்கொண்டதும் வீசினாள். பொம்மை பத்தடி போய், யாரோ தள்ளிவிட்டிருந்த சுப்பர்மார்க்கெட் வண்டியின் கம்பிகளில் சிக்கி நின்றுவிட்டது. நீண்ட தடியொன்று தேடி எடுத்துக் குத்தினோம். நகரவில்லை. அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. பொம்மையைப் பிடுங்கித் தள்ளிவிட்டேன்.

"இனித் திரும்பிப் பார்க்கக் கூடாது," என்றாள். "பார்த்தா வீட்டில யாராவது சாவினம்."

பாலத்தடியில் நான் திரும்பிப் பார்த்தேன். போய்விட்டதா என்றுதான். அவளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை சின்னம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணை அதை அடுப்படியில் நின்று வாசித்தார்.

"தங்கச்சி, இதில இரு. அம்மா போயிட்டா."

"எரிச்சாச்சோ?"

"ஓம். பெரியப்பான்ர மகன் கொள்ளி வைச்சவராம்."

"நான் போறன், அண்ணை."

"எப்பிடிப் போவாய்? பாஸ்போட் இல்லை. போனாலும் திரும்பி வரேலாது. அங்க சண்டை, பாதையும் பூட்டிக் கிடக்கு." கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது? பின்கதவு பூட்டப்பட்ட சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு முட்டியது. விரிப்பை விட்டுவிட்டுக் கதவடியில் போய் நின்றேன். அவள் பின்னால் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், திரும்பிப் பார்த்ததையும்.

அவள் முகம் வெளிறிவிட்டது. பிறகு கேட்டாள்: "எந்தத் தேதி செத்தவ?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் அண்ணையிடம் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மாசி மாதம். அந்தப் பொம்மையைக் கட்டுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அம்மாவை எரித்துவிட்டார்கள்.

மறுநாள் அவளிடம் சொன்னபோது, "அப்ப நீ காரணமில்லை," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்கு ஆறவில்லை. மூன்று வாரம் நான் சாப்பிட்டிருக்கிறேன், நித்திரை கொண்டிருக்கிறேன், ஆற்றுக்குள் நின்று சிரித்திருக்கிறேன். அம்மா இல்லாத மூன்று வாரம். அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தொன்பதில் அவள் நாட்டில் கெடுபிடி தளர்ந்தது, மகள் வந்தாள். விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். பதினொரு வயதுப் பிள்ளை, தாயைப் பார்த்து அந்நியப் பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லால் ஏதோ கேட்டது. இவளும் அதே மரியாதையோடு பதில் சொல்லி, பெட்டியை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து, சத்தமில்லாமல் அழுதாள். அம்மா என்று அந்தப் பிள்ளை கூப்பிட ஐந்து மாதம் எடுத்ததாகப் பிறகு சொன்னாள்.

எனக்கு அகதி அனுமதி தொண்ணூற்றொன்றில் வந்தது. அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இனி நீ எங்கையும் போகலாம்," என்றார்.

யாழ்ப்பாணத்துக்கு அப்போதும் பாதை திறக்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.