இருசப்பன் சொன்ன மயக்கம்

இருசப்பன் 1965ஆம் ஆண்டு, மலேசியாவில் ஜெராமுக்கு உட்புறமுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில் பிறந்தார். தந்தை பழம் வெட்டியவர். தாய் உரம் போட்டவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, கோல சிலாங்கூரில் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தினார். மனைவி கங்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தார். இருசப்பனின் தொழில், பழக்குலைகளை லோரியில் ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது. நாளொன்றுக்கு மூன்று நடை. அவர் பெயரில் விபத்து எதுவும் பதிவாகவில்லை.

2022 மார்ச் மாதம், ஆண்டுதோறும் முதலாளி கேட்கும் 'பாரம்' என்ற உடல்நலப் படிவத்தில் கையெழுத்து வாங்க, கோல சிலாங்கூரில் உள்ள கிளினிக்குக்குப் போனார். அங்கே குடும்ப மருத்துவராக இருந்தவர் ஷாமளா. செரண்டாவில் பிறந்து வளர்ந்தவர். அப்போது வயது முப்பத்து நான்கு.

"வேற ஏதும் தொந்தரவு இருக்கா, அங்கிள்?"

இருசப்பனுக்கு மறைத்துப் பேசும் வழக்கமில்லை. "நாலஞ்சு நாளா மயக்கம் வருது டாக்டர். லோரிக்கு மேல வலை போர்த்திக் கட்டுறப்ப அண்ணாந்து பார்த்தேன், மயக்கம் வந்திருச்சி."

"மயக்கமா? எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் சரியாயிரும்லா."

மருத்துவரின் பேனா நின்றது. பத்து டன் சுமையோடு சாலையில் போகிறவர் அரை நிமிடம் நினைவிழந்தால் என்ன ஆகும் என்று அவர் கணக்கிட்டதை, அந்த முகத்தைப் பார்த்தே இருசப்பன் உணர்ந்துகொண்டார். இரத்த அழுத்தம், இருதயப் பதிவு, சர்க்கரை மூன்றும் பார்க்கப்பட்டன. குறை எதுவும் இல்லை. குறை இல்லாததே மருத்துவரை மேலும் கலங்கடித்தது.

"பாரத்துல இப்ப கையெழுத்துப் போட முடியாது, அங்கிள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதணும். தேதி கிடைக்க நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசம் வண்டி எடுக்கலன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க, டாக்டர். இந்த வயசுல என்னை யாரு கூப்பிடுவா?"

ஷாமளா கணினியில் பாதி அடித்திருந்த கடிதத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்தார். "இதை இன்னும் அனுப்பல. முதல்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட எழுதிக் கேக்குறேன். பதில் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது, சரியா?"

அந்த இரண்டு நாளும் இருசப்பன் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். ஏற்கெனவே விட்ட கீலுக்கும் விட்டார்.

"என்னாங்க, ஒரு இடத்துல உக்காருங்களேன்," என்றார் கங்கா. "உங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குல்ல மயக்கம் வருது!"

மூன்றாம் நாள் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். காது, மூக்கு, தொண்டை நிபுணரான ரவீந்திரனின் பதில் வந்திருந்தது. தீர்ப்பு எதுவும் அதில் இல்லை, கேள்விகளே இருந்தன. ஷாமளா அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மயக்கம் வந்தப்ப கீழ விழுந்தீங்களா?"

"விழலையே."

"பக்கத்துல பேசுறது காதுல விழுந்துச்சா?"

"எல்லாம் நல்லாக் கேட்டுச்சு. மரம்தான் சுத்துச்சு."

கங்காவுக்குப் பொறுக்கவில்லை. "மயக்கம்னா யாரு டாக்டர் விழுவாங்க? கிறுகிறுன்னு வர்றதுதான் மயக்கம். விழுந்துட்டா, பேச்சு மூச்சு இல்லாமப் போயிட்டாருன்னுல்ல சொல்லுவோம்! இவரு படுக்கையில வலப்பக்கம் புரண்டாலே கட்டிலப் பிடிச்சுக்குறாரு."

ஷாமளா நாற்காலியில் சாய்ந்தார். அவர் வளர்ந்த வீட்டில் மயக்கம் என்றால் நினைவு தப்புவது. தலை சுற்றுவது வேறு. "நான் 'நினைவிழந்தார்'னு எழுதிட்டேன், அங்கிள். என் தப்பு."

சரியான விவரத்தை அனுப்பியதும் அரை மணி நேரத்தில் மறுபதில் வந்தது. அதில் சொல்லியிருந்தபடி, இருசப்பனின் தலையை வலப்பக்கம் திருப்பி, மருத்துவர் அவரைச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். கிளினிக்கின் கூரையே சுழன்றது. கருவிழிகள் துடிதுடித்ததை ஷாமளா குனிந்து கவனித்தார்.

"காதுக்குள்ள சின்னச் சின்னக் கல்லு இருக்கும். அது இடம் மாறிப் போச்சு. அவ்வளவுதான்."

"தோட்டத்து ரோட்டுக் கல்லு காதுக்குள்ளயும் போயிருச்சா, டாக்டர்?" கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தபடியே கேட்டார் இருசப்பன்.

"பேசாம இருங்க," என்றார் கங்கா.

கல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்த, தலையை இடப்பக்கம், பின் உடலோடு சேர்த்து மேலும் இடப்பக்கம் என, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் வைத்திருந்து எழுப்பி உட்கார வைத்தார் மருத்துவர். ஒரு வாரம் கழித்து மீண்டும் சாய்த்துப் பார்த்தபோது கூரை அசையவில்லை. நிபுணரின் ஒப்புதலை வாங்கிக்கொண்டு, ஷாமளா பாரத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைக்கான கடிதம் அனுப்பப்படவே இல்லை.

2024இல் ஒருமுறை அதே சுற்றல் திரும்பவும் வந்தது. "தலை சுத்துது டாக்டர், மயக்கம் இல்ல," என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு நுழைந்தார் இருசப்பன். அன்றே சரி செய்யப்பட்டது.

2025இல், அறுபது வயது நிறைந்து, தாமாகவே சாவியை ஒப்படைத்தார். லோரி ஓட்டிய காலம்: முப்பத்து நான்கு ஆண்டுகள்.