அப்பா சீட்டுக் கட்டிய கயிறுகள்

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் இறங்கும்முன் மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே இருப்பவனிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வடமோ கொக்கியோ, எதைச் சோதித்தாலும் மஞ்சள் சீட்டில் தேதியும் முடிவும் எழுதி அதிலேயே கட்டிவிடுவார். நான் பொறியாளர். அவ்வளவு சுத்தமாக ஓர் அறிக்கை நான் எழுதியதில்லை.

மாரடைப்பில் அவர் போய் மூன்று வாரம். கம்பெனிச் சாமான்களை எடுத்துப்போக அவருடன் வேலை செய்தவர் அன்று மதியம் வருவதாக இருந்தது. திரைச்சீலை வழியே வந்த வெயிலில் தூசி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்து அலமாரியைக் காலிசெய்தேன். அடித்தட்டில் ஒரு துணிப்பை. மெத்தென்ற பருத்திக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு. சாமான் பெட்டியில் வைக்கப்போனேன்.

"அதை வைக்காதே" என்றாள் அம்மா.

"கம்பெனியோடதும்மா. சீட்டு இருக்கு பாரு."

"கம்பெனியோடது இல்ல."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அவர்தான் கேட்டார், என்னைக் கட்டிப்போடுன்னு. நாளெல்லாம் எல்லாத்தையும் நானே தாங்கிப் பிடிக்கிறேன், கொஞ்ச நேரம் நீ பிடின்னார். கையில சின்ன மணி வச்சுப்பார். அடிச்சா உடனே அவிழ்த்துடணும்."

"அடிச்சாரா?"

"ஒரே தடவை. கால் மரத்துப்போச்சுன்னு." குரல் இறங்கியது. "முதல்ல வெட்கமா இருந்துச்சு. அப்புறம் எனக்கும் பிடிச்சுப்போச்சுடி. அதுதான் உறுத்துது. ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டு சந்தோஷப்பட்டிருக்கேன். அவர் நெஞ்சுல என்ன கோளாறு இருந்துச்சோ. நான்தான் கெடுத்துட்டேனா?"

என் காது சுட்டது. மகளுக்கு இது தெரிய வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டாள். பதில் சீட்டுகளில் இருந்தது.

"நீ இதைப் படிச்சதில்லையா?"

"எடுக்கிறதும் வைக்கிறதும் அவர்தான். நான் அந்தப் பக்கமே பார்க்கமாட்டேன்."

அவளுக்குக் கேட்கும்படி வாசித்தேன். 'சோதித்தேன். நன்று.' 'முடிச்சு இளகுகிறது. அவளுக்கு வேறு முடிச்சு காட்ட வேண்டும்.' 'இன்று பாடிக்கொண்டே கட்டினாள். மிக நன்று.' கடைசிச் சீட்டு மட்டும் சிவப்பு மையில். 'நீக்கம். கயிற்றில் குறை இல்லை. கட்டும்போது அவள் கை நடுங்கியது. பயந்திருக்கிறாள். இனி அவளாகக் கேட்டால் மட்டும்.'

குறை இல்லாத பொருளை அப்பா நீக்கி நான் பார்த்ததில்லை.

அம்மா சீட்டை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துத் தேதியைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது.

"பயமாவது ஒண்ணாவது. பாதி கட்டியிருக்கேன், எதிர்வீட்டு வாத்தியார் வந்து கதவைத் தட்டுறார். சார் கை சும்மா இருந்தா ஏணி பிடிக்க வரச் சொல்லுங்கங்கிறார். நான் சிரிப்பை அடக்கிட்டிருந்தேன்."

நானும் சிரித்தேன். மூன்று வாரத்தில் முதல்முறை.

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"அதைப்பத்தி வாயைத் திறந்து பேசினா வெட்கம் தின்னுடும் எங்களை." சிரிப்பு மெல்ல நின்றது. தேதியை மறுபடி பார்த்தாள். "இதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவர் கேட்கவே இல்ல. என்மேல சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்."

அறையில் வெயில் இடம் மாறியிருந்தது. அவர் காத்திருந்திருக்கிறார். இவளும். ஒரே கட்டிலில், இரண்டு வருடம்.

"நீ எதையும் கெடுக்கலம்மா" என்றேன். அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அழைப்பு மணி ஒலித்தது. பையை மூட எழுந்தேன். அம்மா அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள், திறந்தபடியே.

அப்பாவுடன் வேலை செய்தவர்தான். உள்ளே வந்து பெட்டியைத் தூக்கியவர், பையைப் பார்த்து நின்றார். "அதுவும் நம்ம சாமானா அண்ணி? அண்ணன் சீட்டு தொங்குதே."

"இல்ல தம்பி" என்றாள் அம்மா. "இது எங்களோடது."