பஸ் ஸ்டாண்டில் நின்ற மொட்டைத் தலை

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன சிறுவன் லாரி ஏறி, காடு மலை சுற்றி, திருடர்களைப் பிடித்துக் கொடுத்து, கழுத்தில் மாலையோடு திரும்பி வரும் படம் ஒன்று எங்கள் ஊர்க் கொட்டகையில் ஓடியது. பிள்ளைகளுக்கு நல்ல படமாயிற்றே என்று நான்தான் என் ஏழு வயது மகனைக் கூட்டிப் போனேன்.

அவனுக்கு அப்போது இடுப்பு வரை சடை. கோமதி அம்மனுக்கு நேர்ந்துவிட்ட முடி. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் மொட்டை போட வேண்டும். என் தம்பிக்கோ பட்டாளத்தில் லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள், "ஏட்டி, இன்னைக்குப் பூ வைக்கலயா?" என்று கேலி செய்வார்கள். அழுதுகொண்டு வருவான். "மாமா வரட்டும்லே" என்பேன்.

படம் பார்த்த மறுநாள் காலையில் ஆளைக் காணோம்.

கணவர் ரயிலடிக்கு ஓடினார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். "சடை போட்ட பையனைப் பாத்தீகளா?" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அவற்றை விலக்கிக்கொண்டே, அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தேன்.

சிவகிரி பஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் என்னை மறித்தார். அவர் வேட்டியைப் பிடித்தபடி ஒரு மொட்டைப் பையன்.

"எம்மா, நீங்க தேடுத புள்ள இவனான்னு பாருங்க. உங்களக் கண்டதும் ஒளியுதான்."

என் மகன். சற்று முன் அவனை நேருக்கு நேர் பார்த்து, இடித்துவிடாமல் ஒதுங்கிப் போனவள் நான்.

"என் தங்கச்சி மகனுக்கு மொட்ட போட வந்தேன். இவன் வந்து, 'எங்க மாமா பட்டாளத்துல இருக்காக, நீங்க மாமாவா இருங்க'ன்னு மடியில ஏறி உக்காந்துட்டான். பெறவு பஸ்ஸுக்கும் கூடவே வந்துட்டான். பெத்தவ தேடி வராமலா இருப்பான்னு, வந்த பஸ்ஸயெல்லாம் விட்டுட்டு நிக்கேன்" என்றார்.

"சடை இல்லன்னா உனக்கு என்னத் தெரியாதுன்னு நெனச்சேம்மா" என்றான் மகன்.

அவன் நினைத்தபடியேதான் நடந்தது. கும்பிட்டுவிட்டு நிமிர்வதற்குள் அந்த மனிதர் பஸ் ஏறிவிட்டார். ஊர் பேர்கூடக் கேட்கவில்லை.

இன்றைக்கும் கோவில் கூட்டத்தில் எந்த மொட்டைப் பிள்ளை எதிரே வந்தாலும், யார் பெற்றதோ என்று நின்று முகத்தைப் பார்த்த பிறகுதான் என்னால் நகர முடிகிறது.