அருவி என்று அப்பா சொன்னார்

சாரல் பிடித்துவிட்டால் எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் மேல் சாய்த்து வைத்திருந்த என் படம் ஆனி பிறந்த பிறகும் விரலில் ஒட்டியது. தூக்கி மாற்ற முடியாது, துணி போட்டு மூடவும் முடியாது. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னாள். முடியாது என்றேன்.

“இருக்கட்டும்ட்டீ,” என்றார் அப்பா. “வீட்ல ஒரு காலேஜ் வாத்தியாரு இருக்கான்னு அவங்களுக்கும் தெரியணும்லா.”

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா குத்தகை வயலில் நெல் போடுகிறவர். தங்கையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்; அவள் நாற்று நடப் போனாள், நான் சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனேன். மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. விடுமுறைக்கு வந்த இடத்தில்தான் அந்தப் படத்தைத் தொடங்கினேன். ஆள் உயரம். ஈரமான சாம்பல் நிறம், பாசிப் பச்சை, குறுக்கே கொஞ்சம் காவி. அவ்வளவுதான். உருவம் என்று எதுவும் கிடையாது. படத்தில் இல்லாததை இருக்கிறதென்று சொல்லக் கூடாது என்று மாணவர்களிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மாப்பிள்ளை வீட்டார் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா. கேசரியும் காராச்சேவும் சாப்பிட்டார்கள். தங்கை வந்து கும்பிட்டபோது, மாப்பிள்ளையின் அம்மா அவள் தலையில் சரிந்திருந்த பூவைத் தானே சரிசெய்து வைத்தாள். காரியம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் மாப்பிள்ளையின் அப்பா பத்தாயத்தின் பக்கம் திரும்பினார்.

“இது என்னது அண்ணாச்சி?”

“குத்தாலம் பெரிய அருவி,” என்றார் அப்பா, யோசிக்காமல். “பையன் வரைஞ்சது.”

சித்தப்பா எழுந்து கிட்டப் போனார். “ஆமால்லா! இந்தா, தண்ணி விழுது பாருங்க. இங்கன பாறை.”

“அப்போ இந்தக் காவி?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“சாமியாரு குளிக்காருவே!”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “சீசன் கூட்டத்துல சாமியாருக்கு மட்டும் எப்படி எடம் கெடைச்சுதாம்?” என்றாள். கதவுக்குப் பின்னால் தங்கையும் சிரித்தது கேட்டது. அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நான் சொன்னேன்: “அது அருவி இல்லை. அப்பா தெரியாம சொல்லுதாங்க.”

சிரிப்பு நின்றது. “அப்போ என்னது தம்பி?”

“எதுவும் இல்லை. நிறம்தான்.”

“எதுவும் இல்லாததுக்கா இம்புட்டுப் பெயிண்டு?” என்றார் சித்தப்பா. “காலேஜ்லயும் இதைத்தான் சொல்லிக்குடுக்கியளோ?”

ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா, ஏற்கெனவே நிறைந்திருந்த தம்ளர்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாயெல்லாம் நனைந்தது.

சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

தங்கை கொல்லையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். “ஏண்ணே, அருவின்னே இருந்துட்டுப் போனா உன் படத்துல என்ன கொறைஞ்சிரும்?”

நான் நின்றபடியே அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில், ஒரு படம் எதையும் போல இருக்க வேண்டியதில்லை என்று. அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

“நீ சொல்லுதது எல்லாம் சரியாத்தான் இருக்கும்,” என்றாள். “எனக்கு அந்த அம்மாவைப் பிடிச்சிருந்துது.”

நாட்கள் போயின; சொல்லி அனுப்பவில்லை. ஆடி பிறந்துவிட்டால் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதற்கு முன் ஒருநாள் அப்பா எங்களிடம் சொல்லாமலே பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பொண்ணைப் பிடிச்சிருக்காம். உன்னை நெனைச்சுத்தான் யோசிக்காங்க. அண்ணன்காரனுக்கு மூளையில ஏதும் இருந்தா நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வருமோன்னு பயப்படுதாங்க. எம் மவன் அருவியை அப்படியே வரைஞ்சு குடுப்பான், பாத்துட்டுப் பேசுங்கன்னு நானாத்தான் சொன்னேன்.” பிறகு தரையைப் பார்த்துக் கேட்டார்: “உனக்கு அப்படி வரைய முடியுமாலே?”

மறுநாள் காலையில் குற்றாலத்துக்குப் போனேன். தாளும் வண்ணமும் நனையாமல் இருக்க, ஒரு எண்ணெய்க் கடையின் தாழ்வாரத்தில் இடம் பிடித்தேன். குளிக்க வந்தவர்கள் உடம்பில் எண்ணெய் சொட்டச் சொட்டப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒருவர் குரங்கு எங்கே என்றார், குரங்கு வைத்தேன். இன்னொருவர், பாறையில ஒரு பொம்பளை சீலை காயப்போடுத மாதிரி போடுங்க என்றார், போட்டேன். யார் எதைக் கேட்டாலும் வரைந்தேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சிரமமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும். அதைச் செய்ய முடியாதவன், இதை எவ்வளவு லேசாகச் செய்கிறேன்!

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தங்கை நன்றாக இருக்கிறாள். அந்த அருவிப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் சித்தப்பா, “இது படம்!” என்கிறார். தங்கை உள்ளே எழுந்து போய்விடுகிறாள். என் முன்னால் அதை யாராவது புகழ்ந்தால் அவளுக்கு என்னவோ போல் இருக்கிறதாம். எனக்காகக் கூச்சப்படுகிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

போன விடுமுறையில் அப்பாவோடு தென்காசிச் சந்தைக்குப் போனேன். விதை வாங்கிய இடத்தில் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, “மூத்தவனா? என்ன சோலி பாக்கான்?” என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லுங்கப்பா,” என்றேன்.

“நீயே சொல்லிருலே,” என்றார். “நான் ஏதாவது தப்பாச் சொல்லிருவேன்.”