எங்கள் ஊருக்குச் சிவப்பு

அந்த வருஷம் எங்கள் ஊருக்குச் சிவப்பு அடித்தவன் நான்தான். மலேரியா ஆபீசில், சேர்வராயன் மலைப் படத்தில் ஊர் ஊராக வண்ணம் தீட்டுவது என் வேலை. ரத்தப் பரிசோதனையில் கிருமி அடிக்கடி தெரிந்த ஊருக்குச் சிவப்பு; அங்கே வீட்டுச் சுவர்களில் மருந்து அடிப்பார்கள். எப்போதாவது தெரிந்தால் மஞ்சள். தேங்கிய தண்ணீரை வடித்து, காய்ச்சல்காரர்களைத் தேடிப்போய் ரத்தம் எடுப்பார்கள். பச்சைக்குக் கண்காணிப்பு மட்டும்.

கொட்டச்சேடு என்ற மலைக் கிராமத்துக்குக் கீழே, சரிவில் இருந்தது எங்கள் ஊர். கோடைமழைக்குப் பிறகு வந்த முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். வீட்டில் மனைவி ஆறு மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு மலேரியா வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்ற நோட்டீஸை ஆபீஸ் சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

அன்றிலிருந்து தரையில் மல்லாந்து படுத்துச் சுவரைப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. மலேரியாக் கொசு பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும். என் பயத்துக்கு எல்லாக் கொசுவும் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தது. ஒன்றை ரொம்ப நேரம் முறைத்துவிட்டு ஓங்கி அடித்தேன். ஆணி.

"ஏனுங்க, கொசு கடிக்கறதுக்கு முன்ன நீங்களே கையை ஒடிச்சுக்குவீங்க போல" என்றாள் மனைவி.

"கொஞ்ச நாளைக்கு எங்காவது போயிரு" என்று படத்தை விரித்தேன். அவள் அம்மா வீடு சேலத்தில். படத்தின் அடியில் அதுவும் நல்ல சிவப்பு. பச்சையாக இருந்தது மேலே ஏற்காடு டவுன். அங்கே எங்களுக்கு இருந்த ஒரே வீடு என் அம்மாவுடையது. கல்யாணமான புதிதில் குழம்புக்கு உப்பு போடுவதில் வந்த சண்டையிலிருந்து மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை.

"உங்கம்மா ஊட்டுக்கு அனுப்பறதுக்குக் கவர்மெண்டு மேப்பே வரைஞ்சு கொண்டாந்துட்டீங்களா? போகமாட்டேனுங்க. இங்கதான் சுவத்துக்கு மருந்தடிக்கறாங்களே!"

மருந்தடிக்க நாள் குறித்தாகிவிட்டது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டது ஒரு சாயங்காலம்தான். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா செம்மண்ணும் சாணியும் குழைப்பதற்குக் கூடையோடு புறப்பட்டார். மருந்தடிக்கும் நாளுக்கு மறுவாரம் கோயில் திருவிழா, எங்கள் பக்கத்தில் நோம்பி. ஊரே சுவர் மெழுகும்.

"அக்கா, மருந்து மேல மெழுகினா மருந்து செத்துப்போயிரும், கொசு சாகாதுங்க!"

"நோம்பிக்கு ஊடு மெழுகாம சாமிய எப்படிங்க கூப்பிடறது? உங்க கொசுவ நோம்பி கழிச்சு வரச் சொல்லுங்க, தம்பி."

ஆபீசுக்கு ஓடி அதிகாரியிடம் சொன்னேன். அவர் படத்தையே பார்த்தார். "ரிஸ்க் மட்டும் குறிச்சோம், நோம்பியைக் குறிக்கலை பாருங்க. சரி, என்ன செய்யலாம்? சொன்ன நாளில அடிக்கவா, தள்ளிப் போடவா?"

சொன்ன நாளில் அடித்தால் என் வீட்டை மட்டும் மெழுகாமல் காப்பாற்றிக்கொள்ளலாம், ஊருக்குப் பிரயோஜனமில்லை. தள்ளினால் மெழுகின சுவர் மேல் மருந்து நிற்கும், ஊர் பிழைக்கும். அதுவரை என் மனைவி? "நோம்பி கழிச்சு அடிக்கலாங்க சார். அதுவரைக்கும் காய்ச்சல்னா உடனே ரத்தம் எடுத்துரலாம்" என்று சொன்னது என் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போனால் தப்பிக்க வழியில்லையே.

மனைவி பரண் மேலிருந்த தகரப்பெட்டியைக் காட்டினாள்.

"எடுத்துக் குடுங்க. உங்கம்மாகிட்ட இப்பவே சொல்லிருங்க, கொழம்புக்கு உப்பு நான்தான் போடுவேன்னு."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்க அவளுக்கு முன்னால் நடந்தேன். கொசுப் பயம் கொஞ்சம் விட்டிருந்தது. பின்னால் வருகிறவள் மனசு மாறித் திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.